ரெண்டோட நிறுத்திப்போட்டான்

அந்தச் சன்னல் ஷட்டரைச் செத்த மேல தூக்கி உடுங்க தம்பி. தூறல் உள்ள வந்தா வந்துட்டுப் போகுது. அடைச்ச எடத்துல உக்காந்தா எனக்கு இப்பெல்லாம் ஆகறதில்லைங்க, நெஞ்சு படபடன்னு வந்துருது. முன்னெல்லாம் நான் அப்பிடி இல்லை. எங்கூட்டுல ராத்திரி தாழ்ப்பாள் போடறதே நான்தான். முன் கதவு, பின் கதவு, வாசல் கேட்டு, மூணையும் போட்டுட்டு, படுத்ததுக்கு அப்பறமும் ஒருக்கா எந்திரிச்சுப் போயி இழுத்துப் பாத்துட்டு வருவனுங்க. இப்பப் போடறதில்லை. கலாமணிதான் போடறா. கலாமணின்னா எங்கூட்டுக்காரி.

நீங்க சென்னிமலைக்குங்களா? நான் நால்ரோட்டுல எறங்கோணும். இந்த பஸ்ஸு உருட்டற உருட்டுக்கு இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். கூடையில என்னன்னு பாக்கறீங்களா? வெத்தலை பாக்கு, பழம், தேங்காய், பத்திரிகை. என்ற பொண்ணுக்கு வைகாசி பதினெட்டு கல்யாணமுங்க. தாய்மாமனுக்கு மொதப் பத்திரிகை வெக்கப் போயிட்டிருக்கேன். நல்ல காரியந்தான், அதுக்கு எதுக்குக் கூடையை இப்பிடி இறுக்கிப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறான்னு நீங்க நெனைப்பீங்க. நெனைச்சாத் தப்பில்லை. யார்கிட்டயும் சொல்லாத நாயமுங்க. நீங்க யாரோ, நான் யாரோ. சென்னிமலையில எறங்குனா மறந்துருவீங்க. அதனால சொல்றேன்.

அந்தத் தாய்மாமன் பேரு தெய்வசிகாமணி. என்ற மச்சினன். சிகாமணி, சிகாமணின்னுதான் கூப்பிடறது. நேர்ல நான் மாப்ளேம்பேன், அவன் என்னைய மச்சாம்பான். கரண்டு ஆபீசுல லைன்மேனா இருந்தானுங்க. கம்பம் ஏறுற ஆளு. மழையில, காத்துல, சரசரன்னு ஏறுவான். வருசத்துக்கு ஒருக்கா லீவு போட்டுட்டு வடக்க போயி பனிமலை ஏறிட்டு வருவான். அதொரு கிறுக்கு அவனுக்கு.

போன புரட்டாசியில என்னையும் வாங்கன்னான். எனக்கு அம்பத்தி மூணு வயசு, சுகரு, பிரஸரு. ஆனா வெள்ளிங்கிரி ஏழு மலையும் பதினோரு தடவை ஏறின ஆளுங்க நான். வெறுங்கால்ல. மூங்கத்தடி ஊனிட்டு. மலையில எனக்கு ஒருத்தன் சொல்லிக் குடுக்கோணுமான்னு ஒரு நெனைப்பு. கலாமணியும் போயிட்டு வாங்கன்னா. "சிகாமணி கூட இருக்கறான், அப்பறம் உங்களுக்கென்ன?"ன்னா. செரின்னு கெளம்பிட்டேன்.

அந்த மலை பேரு என்ற வாயில நுழையாதுங்க. மொத்தம் நாலு பேரு. நான், சிகாமணி, கோபிப் பக்கத்து மளிகைக்கடைக்காரர் ஒருத்தர், அப்பறம் வழிகாட்டறதுக்கு அந்த ஊர் ஆளு குந்தன் சிங்னு ஒருத்தன். மூணு நாள் நடந்தமுங்க. மூணாம் நாளு மத்தியானம் ஒரு பெரிய பாறைகிட்ட உக்காந்து சப்பாத்தி தின்னம். பதிமூணாயிரம் அடின்னான் சிகாமணி. மரம் இல்லை, செடி இல்லை, ஒரு காக்கா குருவி இல்லை. நாம பேசறது நமக்கே தூரத்துல இருந்து கேக்கறாப்புல இருக்குது. எனக்கு அங்கயே பயம் புடிச்சுக்கிச்சு. வெளிய சொல்லுவனா? பயத்தை மறைக்கறதுக்கு நான்தான் பேய்க்கதை எடுத்து உட்டேன்.

உங்க பக்கமும் சொல்லுவாங்கதானே? ராத்திரியில பேரு சொல்லி யாராவது கூப்பிட்டா மொதக் கொரலுக்கு ஏன்னு கேக்கக் கூடாது. ரெண்டாவதுக்கும் கேக்கக் கூடாது. மூணாவது கொரலுக்குத்தான் வாயத் தொறக்கோணும். அது ரெண்டு தடவைக்கு மேல கூப்பிடாது. தெரிஞ்சவங்க கொரல்லயே கூப்பிடும். எங்க பெரியப்பன் மகன் ஒருத்தன், மாட்டைப் புடிச்சுக் கட்டப் போனவன், மொதக் கொரலுக்கே "ஏன்"னுட்டான். மூணாம் நாளு ரத்த வாந்தி எடுத்துப் போய்ச் சேந்தான். நான் பாக்கலை, எங்கம்மா சொன்னது. ஆனா எங்கூட்டுல இன்னைக்கு வரைக்கும் பொழுது உழுந்தா மூணு கொரல் கேக்காம ஒருத்தரும் கதவு தொறந்ததில்லைங்க.

சிகாமணி சிரிச்சான். "அப்ப நான் ராத்திரி வந்து கூப்பிட்டாலும் மூணு தடவை கூப்பிடோணுங்களா மச்சான்?"ன்னான்.

"நீயா இருந்தாலும் மூணுதான் மாப்ளே."

"தட்டுனா?"

"தட்டறது கணக்குல சேராது. காத்துங்கூடத் தட்டும். கொரல்தான் கணக்கு."

"செரிங்க, நாவகம் வெச்சுக்கறேன்"னு சொல்லிட்டு என்ற தட்டையும் வாங்கி அவனே கழுவி வெச்சான். அப்பிடிப்பட்டவந்தான் அவன். அதைய நான் மறைக்கலை.

மூணு மணிக்கு அந்தக் கொட்டாய்க்குப் போய்ச் சேந்தோம். கொட்டாயின்னா, கல்லு வெச்சுக் கட்டின ஒத்தை ரூமு. மேல தகரம். உள்ள ரெண்டு பக்கமும் பலகை அடிச்சு வெச்சிருக்குது, படுக்கறதுக்கு. ஒரு பெரிய தகரப் பொட்டி, அதுல கம்பளி, பருப்பு, தீப்பெட்டி, மெழுகுவத்தி. வெளிய சுவரோட சாய்ப்பு ஒண்ணு, குதிரை கட்டறதுக்கு. அவ்வளவுதான். காவலுக்கு ஆளில்லை. சாவி இல்லை. மலை ஏறுறவன் எவன் வந்தாலும் படுத்துட்டுப் போலாம், போறப்ப நம்மகிட்ட மிச்சம் இருக்கறதை அந்தப் பொட்டியில போட்டுட்டுப் போகோணும். அதான் அங்க வழமை.

நான் மொதக்கா கதவைத்தான் பாத்தேன். உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லைங்க. தாழ்ப்பாள் இருந்த எடத்துல நாலு ஓட்டை. ஆணியைக் கழட்டி எடுத்திருக்கறாங்க. நான் பையில பூட்டு கொண்டு போயிருந்தேன். எங்க போனாலும் கொண்டு போவேன். மாட்டறதுக்கு ஒரு கொண்டி கூட இல்லை. ஏன் இப்பிடின்னு கேட்டேன். குந்தன் ஹிந்தியில என்னமோ சொன்னான். சிகாமணிக்குக் கொஞ்சம் ஹிந்தி வரும். அவன்தான் சொன்னான்.

"முன்னொருக்கா உள்ள இருந்தவங்க தாழ்ப்பாள் போட்டுட்டுத் தூங்கிட்டாங்களாமா மச்சான். அதுக்கப்பறம் கழட்டிட்டாங்களாமா. இந்தக் கதவை எந்த நேரத்துலயும் அடைக்கக் கூடாதுங்கறான்."

"வெளிய யாரு இருந்தாங்களாமா?"

குந்தன் கதவை ஒருக்கா உள்ள தள்ளி, ஒருக்கா வெளிய இழுத்து, எனக்குப் பண்ணிக் காட்டுனான். சின்னப் பையனுக்குக் காட்டறாப்புல. எனக்குக் கோவந்தான் வந்துச்சு.

அந்த நேரம் பாத்து கோபிக்காரருக்குத் தலைவலி, வாந்தி. கண்ணு ரெண்டும் எங்கயோ போகுது. உசரத்துல அப்பிடி வருமாம், ஒடனே கீழ எறக்குனாத்தான் பொழைப்பாராம். குந்தன் அவரைத் தோள்ல சாத்திட்டுக் கெளம்பிட்டான். நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க, எங்கயும் போகாதீங்க, வெடியால வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போயிட்டான். இப்பச் சொன்னதை நாவகம் வெச்சுக்கங்க. எங்கயும் போகாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனான். சிகாமணிக்குத் தெரியும்.

அவங்க போய் அரை மணி இருக்கும். மாத்திரை போடலாம்னு பையில கையை உட்டேன். மாத்திரைப் பையைக் காணோம். சின்ன மஞ்சப்பையிங்க, சுகரு மாத்திரை, பிரஸரு மாத்திரை எல்லாம் அதுலதான். சப்பாத்தி தின்ன பாறைகிட்ட எடுத்து வெளிய வெச்சது நல்லா நாவகம் இருக்குது. அங்கயே உட்டுட்டு வந்துட்டேன்.

"ஒரு நாளைக்குப் போடாட்டி என்னங்க மச்சான்? வெடியால எடுத்துக்கலாம்"னான்.

எனக்கு வந்துச்சே ஆத்திரம். ஏற்கனவே பயம். "நான் இங்கயே செத்துக் கெடந்தா உங்கக்காகிட்ட என்ன சொல்லுவே?"ன்னு கேட்டுட்டேன். ஒரு வேகத்துல கேட்டதுங்க. மனுசன் ஒடம்பு சரியில்லாதப்பப் பேசறதையெல்லாம் கணக்குல வெக்க முடியுமா? அவன் எந்திரிச்சு ஷூவை மாட்டுனான். "போக முக்கா மணி, வர ஒரு மணி. இருட்டறதுக்குள்ள வந்துருவேன். நீங்க கம்பளியைப் போத்திட்டுப் படுங்க"ன்னான். பாரம் வேண்டாம்னு என்னைய நம்பி அவன்ற பெரிய பையை அங்கயே வெச்சுட்டு, வெறும் ஒரு ஜாக்கெட்டோட போனான்.

அவன் போய் ஒரு மணி நேரத்துல வெளுப்பா மேகம் எறங்குச்சு. எதுத்தாப்புல இருந்த மலையைக் காணோம். அப்பறம் சாய்ப்பைக் காணோம். பனி உழுகறதுக்குச் சத்தமே இல்லைங்க தம்பி. நான் மழையாட்ட இருக்கும்னு நெனைச்சிருந்தேன். ஒரு சத்தமும் இல்லாம உழுகுது. காத்து மட்டும் தகரத்தைப் புடிச்சு ஆட்டுது. குளுருது. குரங்குக் குல்லாயை எடுக்கலாம்னு பையைக் கவுத்துக் கொட்டுனேன். வேட்டி மடிப்புல இருந்து மஞ்சப்பை உழுந்துச்சு.

ஆமாங்க. என்ற பையிலயேதான் இருந்துச்சு.

பாறைகிட்ட வெளிய வெச்சு, அப்பறம் நானே எடுத்து வேட்டிக்குள்ள சுத்தி வெச்சிருக்கறேன். வெச்சது மறந்துபோச்சு. மறதி எல்லாத்துக்கும் வர்றதுதானே, நீங்க எதும் மறந்ததில்லையா? கதவைத் தொறந்துட்டு வெளிய வந்து, "மாப்ளே"ன்னு கூப்பிட்டனுங்க. ஒருக்காக் கூப்பிட்டேன். காத்து அப்பிடியே வாங்கிட்டுப் போயிருச்சு. எனக்கே கேக்கலை, அவனுக்கு எங்க கேக்கப்போகுது? உள்ள வந்து மாத்திரையைப் போட்டுட்டுக் கதவைச் சாத்துனேன்.

இருட்டிப்போச்சு. அவன் வரலை. குந்தன் போன வழியில கீழயே எறங்கியிருப்பான், வெவரமான ஆளுதானேன்னு நானே சொல்லிக்கிட்டேன். ஆறு, ஏழு, எட்டு. மெழுகுவத்தி ஒண்ணு எரியுது. காத்து கதவைத் தள்ளுது. தாழ்ப்பாள் இல்லாத கதவுங்க! தள்ளுனாத் தொறந்துக்குது. நான் எந்திரிச்சுச் சாத்துவேன், படுப்பேன், திருப்பித் தொறந்துக்கும். ஒவ்வொரு தடவையும் அந்த இருட்டு உள்ள எட்டிப் பாக்கறாப்புல இருக்குது. சொல்றதுக்கென்ன, அழுதுட்டேன். அம்பத்தி மூணு வயசுல, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருக்கற மனுசன், முருகா முருகான்னு அழுதேன்.

அப்பறந்தான் தகரப் பொட்டியை இழுத்துட்டு வந்து கதவுக்கு வெச்சேன். கம்பளி, பருப்புன்னு நல்ல கனமுங்க. அதுக்கு மேல என்ற பையி. அப்பவும் ஆடுச்சு. சிகாமணி பையையும் எடுத்து மேல வெச்சேன். அதுக்கப்பறம் ஆடலை.

காத்துக்குத்தானுங்க வெச்சேன். வேற யாருக்கும் வெக்கலை.

மணி ஒம்போது இருக்கும். கதவு ஒருக்காத் திமிறுச்சு. காத்துன்னு நெனைச்சேன். திருப்பித் திமிறுச்சு. அப்பறம் கேட்டுச்சு.

"மச்சான்."

என்ற ஒடம்புல ரத்தமே இல்லைங்க. அந்தக் கொரலு சிகாமணி கொரலுதான். ஆனா அவன்ற கொரலாட்டவும் இல்லை. பாதி வந்து பாதி வராம, கரகரன்னு. அதும் தெரிஞ்சவங்க கொரல்லதானே கூப்பிடும்? எந்திரிச்சு நின்னேன். மெழுகுவத்தி அணைஞ்சுபோச்சு, நான் தட்டி உட்டனா, தானா அணைஞ்சுதா, தெரியலை. ஒண்ணுன்னு மனசுக்குள்ள எண்ணுனேன்.

"மச்சான்... தொறங்க."

ரெண்டு.

பொட்டி மேல கையை வெச்சுட்டேன் தம்பி. இந்தக் கையை. இழுக்கறதுக்குத் தயாரா நின்னேன். மூணாவது வரட்டும்னு நின்னேன். இன்னொருக்காக் கூப்பிட்டிருந்தாத் தொறந்திருப்பேன். சத்தியமாத் தொறந்திருப்பேன். என்ற பொண்ணு மேல சத்தியமாத் தொறந்திருப்பேன். வாயைத் தொறந்து யாருன்னு கேக்கலாமான்னா, கேக்கக் கூடாதே, கேட்டாப் பதில் சொன்னதாயிருமே! நான் மூச்சைக் கூட உடலைங்க.

மூணாவது வரலை.

கதவுக்குக் கீழ, முழங்கால் ஒசரத்துல, ஒரு தட்டு கேட்டுச்சு. ஒரே ஒரு தட்டு. மெதுவா. தட்டறது கணக்குல சேராது. அப்பறம் சுவரோட என்னமோ ஒரசிட்டே போச்சு. அதுக்கப்பறம் காத்துதான்.

வெடியற முட்டும் நான் அந்தப் பொட்டிகிட்டயே நின்னேன். உக்காரக் கூட இல்லை. மூணாவதுக்குக் காத்துக்கிட்டுத்தான் நின்னேன். அதைய யாரு ஒத்துக்குவாங்க? படுத்துத் தூங்கியிருந்தா நீங்க என்னையக் கேக்கலாம். நான் தூங்கலையே.

வெளிச்சம் வந்துச்சு. "சாப், சாப், சாப்"னு குந்தன் கூப்பிட்டான். மூணு. ஒடனே பொட்டியை இழுத்துட்டுத் தொறந்துட்டேன். பாத்தீங்களா? மூணு கூப்பிட்டாத் தொறக்கற ஆளுதானுங்க நான்.

குந்தன் உள்ள எட்டிப் பாத்தான். ஒருத்தன்தான் இருக்கறேன். தரையில பொட்டியை இழுத்த கோடு இருக்குது, அதைப் பாத்தான். என்ற மூஞ்சியைப் பாத்தான்.  சுவரைச் சுத்திட்டுச் சாய்ப்புக்கு ஓடுனான். அங்க குதிரைத் தீவனச் சாக்கை மேல போட்டுட்டு, முழங்காலை மடக்கிட்டு, சிகாமணி கெடந்தான்.

உசுரு இருந்துச்சு. பயந்துட்டீங்களா? உசுரு இருந்துச்சுங்க. அந்தச் சாக்குதான் காப்பாத்துச்சு.

குந்தன் அவனை உள்ள தூக்கிட்டு வந்து, பொட்டியில இருந்த கம்பளியையெல்லாம் அவன் மேல போட்டான். அவன்ற பையில பனியில படுக்கறதுக்குன்னே தைச்ச மெத்தைப் பையி ஒண்ணு இருந்துச்சு. அதுக்குள்ள நொழைச்சுட்டா எந்தக் குளுரும் ஒண்ணும் பண்ணாதாம். அதைய குந்தன் எடுத்து விரிச்சப்பத்தான் எனக்குத் தெரியும். ராத்திரி பூரா கதவுக்கு முட்டுக் குடுத்துட்டு இருந்துச்சு.

கீழ ஆஸ்பத்திரியில இடது கால் வெரல் அஞ்சையும் எடுத்துட்டாங்க. வலது கையில ரெண்டு வெரல். ரெண்டாவது நாளு கண்ணு முழிச்சான். நான் பக்கத்துல நின்னேன். என்ன கேட்டான்னு நெனைக்கறீங்க? ஏன் தொறக்கலைன்னா கேட்டான்?

"பை அங்க இல்லீங்க மச்சான். பாறையைச் சுத்தி நல்லாத் தேடிட்டேன். இருட்டற முட்டும் தேடினேன்"னான்.

"போனாப் போகுது உடு மாப்ளே"ன்னேன். வேற என்ன சொல்லட்டும்? பையி இருந்துச்சுன்னு சொன்னா அவனுக்கு இன்னும் வெசனந்தானே? அந்த ஆஸ்பத்திரியில இருந்த ஒம்போது நாளும் பாத்ரூம்ல போயித்தான் மாத்திரை முழுங்கிட்டு வந்தேன்.

எல்லாருகிட்டயும் அவனே சொல்லிட்டான். இருட்டுல பனியில கதவே தெரியலை, சாய்ப்பு மட்டுந்தான் கைக்குத் தட்டுப்பட்டுச்சுன்னு. அவங்கக்காகிட்டயும் அதான் சொன்னான். நான் அசந்து தூங்கிட்டேன்னு சொன்னேன். ரெண்டும் பொருந்திப்போச்சு. அப்பாடான்னு இருந்துச்சுங்க. அவனுக்கு ஒண்ணும் நாவகம் இல்லைன்னு நெனைச்சேன். குளுருல புத்தி கலங்கிப்போயிருமாமே.

இப்பக் கம்பம் ஏற முடியாது. ஆபீசுல உக்காந்து பில்லு எழுதற சோலி குடுத்திருக்கறாங்க. பாதி நாளு லீவு. கைத்தடி ஊனிட்டுத்தான் நடக்கறான்.

தை மாசம், பொங்கலுக்கு மொதமொத எங்கூட்டுக்கு வந்தான். பட்டப்பகலுங்க. கேட்டு தொறந்து கெடக்குது, கதவு ரெண்டும் மலர்ந்து கெடக்குது, நான் முன்னாடியே சேர்ல உக்காந்துட்டு அவன் வர்றதைப் பாத்துட்டு இருக்கறேன். அவனும் என்னையப் பாக்கறான். முன்னெல்லாம் அவன் வந்தாக் கேட்டுகிட்டயே "அக்கா, சோறு போடு"ன்னு கத்திட்டு நேரா அடுப்படிக்குப் போவான். அன்னைக்குக் கேட்டுகிட்ட வந்து நின்னான். கைத்தடியை ஊனுனான்.

"மச்சான்"ன்னான்.

"வா மாப்ளே"ன்னேன். வரலை.

"மச்சான்."

"அட வாப்பா, என்ன அங்கயே நின்னுட்டே?"

நான் சொன்னது காதுலயே உழுகாத மாதிரி, செத்த நேரம் நின்னான். அப்பறம் மூணாவதா, "மச்சான்"ன்னான். அதுக்கப்பறந்தான் காலை எடுத்து உள்ள வெச்சான். சிரிச்சுட்டே வந்தான். சோறு தின்னான். பொண்ணுக்குச் சீலை எடுத்துக் குடுத்தான். போயிட்டான்.

அதுக்கப்பறம் நாலு தடவை வந்துட்டானுங்க. ஒவ்வொரு தடவையும் கேட்டுல நின்னு மூணு. எண்ணி மூணு. எனக்கு அந்த மொதக் கொரலு கேட்டாலே வேர்த்து ஊத்துது. இதென்னங்க நக்கலு? நாந்தான் தூங்கிட்டேன்னு சொல்லிட்டேனே! அவனுக்கு நாவகம் இருந்தா நேரா கேக்கோணும், சட்டையைப் புடிச்சுக் கேக்கோணும். இப்பிடியா ஒருத்தனைப் படுத்தறது? நாவகம் இருக்குதுன்னா அவனையும் நான் ஒண்ணு கேக்கறேன். மூணுன்னு உனக்குத் தெரியுந்தானே? பாறைகிட்ட உக்காந்து அத்தனை தெளிவாச் சொன்னேனே? தெரிஞ்சும் ரெண்டோட நிறுத்திப்போட்டானே, அதைய யாரு கேக்கறது? இன்னொரு தடவை வாயைத் தொறந்திருந்தா எல்லாஞ் சரியாப் போயிருக்குமே!

நீங்க சன்னல் பக்கம் திரும்பிட்டீங்க. செரி.

கலாமணிக்கு எதும் தெரியாதுங்க. ஆனா பாருங்க, பொதுவாப் பத்திரிகை வெக்கப் புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒட்டுக்காத்தானே போறது? தாய்மாமன் பட்டம் கட்டாம எங்க சனத்துல கல்யாணம் ஏது? அவன்ற கையாலதான் எம் பொண்ணு நெத்தியில பட்டம் கட்டோணும், அந்த வெரல் இல்லாத கையால. வாடின்னு கூப்பிட்டா, "நீங்க மொதல்ல போய்க் கூப்பிட்டுட்டு வாங்க. நீங்க கூப்பிட்டு அவன் கதவு தொறந்தான்னா, அப்பறம் நான் வர்றேன்"ங்கறா. ஏன் அப்பிடிச் சொல்றான்னு எனக்குப் புரியலை. அவ எப்பவும் அப்பிடித்தான், வெடுக்குன்னு எதாச்சும் சொல்லுவா.

போன வியாழக்கெழமை வந்தனுங்க. இதே பஸ்ஸு, இதே கூடை. அவன் பொண்டாட்டி மில்லுக்குப் போயிருந்தா. கதவு சாத்தியிருந்துச்சு. படிகிட்ட நின்னு "மாப்ளே"ன்னு கூப்பிட்டேன். உள்ள டிவி ஓடிட்டு இருந்துச்சு. நின்னுபோச்சு.

"மாப்ளே"ன்னேன்.

கைத்தடிச் சத்தம் கேட்டுச்சுங்க. டக், டக்னு வருது. கதவு முட்டும் வந்துச்சு. அங்கயே நின்னுருச்சு. நடுவுல அந்தப் பலகை மட்டுந்தான். அவன் மூச்சு உடறது கேக்குது. நான் மூச்சு உடறது அவனுக்கும் கேட்டிருக்கும்.

மூணாவது கூப்பிடோணும். வாயைத் தொறந்தேன் தம்பி. வரலைங்க.  காத்துக் கூட வரலை. வெய்யல்ல நிக்கறேன், பல்லு கிட்டிப்போச்சு. வாய் வரலைன்னு கையால தட்டுனேன். ஒரே ஒரு தட்டு.

தொறக்கலை.

எப்பிடித் தொறப்பான்? தட்டறது கணக்குல சேராதுன்னு நான்தானே சொன்னேன்.

எத்தனை நேரம் நின்னேன்னு தெரியலை. அவனும் நின்னுட்டுத்தான் இருந்தான், தடி நகர்ற சத்தமே கேக்கலை. திரும்பி வந்துட்டேன். ஊட்டுல ஆளில்லைன்னு சொன்னேன். கலாமணி கையில இருந்த மொறத்தைக் கீழ வெச்சுட்டு, "ஆளில்லையா, நீங்க கூப்பிடலையா?"ன்னு கேட்டா.

எனக்கு நெம்பப் பயமா இருக்குதுங்க தம்பி. அந்தக் கொட்டாயில இருந்ததை விடப் பயமா இருக்குது.

இதா, நால்ரோடு வந்துருச்சு. கண்டக்டர், ஒரு நிமிசம், ஆளு எறங்கோணும்! ஏனுங்க தம்பி, உங்களுக்கு அவசரச் சோலி எதும் இல்லைன்னா என்கூட எறங்கி வர்றீங்களா? அடுத்த பஸ்ஸு இருவது நிமிசத்துல வந்துரும். ஊடு இங்க பக்கந்தான், அந்தப் புளியமரத்துக்கு அந்தப்பக்கம். நீங்க உள்ள வர வேண்டாம், படிகிட்ட நின்னாப் போதும். மொத ரெண்டும் நானே கூப்பிட்டுக்கறனுங்க. மூணாவது மட்டும் நீங்க கூப்பிட்டுக் குடுத்துருங்க.